சத்தமில்லாத பனிச்சறுக்கு ஊர் வேண்டும்: குழந்தைகள், மாமனார், மாமியார் எல்லோரோடும் போக எது சரிவரும்?

திருநகர்_மல்லிகை:

எல்லோருக்கும் வணக்கம். மியூனிக்கில் ஏழு வருடமாக இருக்கிறோம். பிப்ரவரியில் இங்கே ஃபாஷிங் என்கிற கார்னிவல் விடுமுறை ஒரு வாரம் வரும், அந்த வாரம்தான் எங்களுக்கு வசதி, வேறு தேதிக்கு மாற்ற வழியில்லை. போன வருடம் ஆஸ்திரியாவின் டிரோலில் ஒரு பெரிய பனிச்சறுக்கு ஊருக்குப் போனோம். பெயர் வேண்டாம், விடுங்கள். ஹோட்டலுக்கு எதிரேயே மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் என்று பெருமையாக புக் செய்தேன். அந்த லிஃப்ட் அடிவாரத்திலேயே ஒரு பார் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மதியம் மூன்று மணிக்குப் பாட்டு ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது வரை ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்புறம் அந்தக் கனமான ஸ்கீ பூட்ஸைக் கழற்றாமலே ஆட்கள் மாடிப்படியில் டொக் டொக்கென்று ஏறுவார்கள். காலையில் லிஃப்ட் வரிசை நாற்பது நிமிடம். மகளுக்கு அப்போது ஐந்து வயது, வரிசையின் நடுவில் பாத்ரூம் வருகிறது என்றாள். கையுறை, ஹெல்மெட், முழு உடை எல்லாம் போட்டுவிட்ட குழந்தை அப்படிச் சொன்னால் என்ன நிலைமை என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

இந்த வருடம் மதுரையிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மாமாவுக்கு 71, நன்றாக நடப்பார், பிரஷருக்கு மாத்திரை உண்டு. அத்தைக்கு 66, முட்டி வலி. இரண்டு பேரும் பனியைப் பார்த்ததே இல்லை. அத்தை முட்டைகூடச் சாப்பிட மாட்டார். பையனுக்கு 9, ஐந்து நாள் ஸ்கீ ஸ்கூல் போயிருக்கிறான், கால் இரண்டையும் பீட்சா துண்டு மாதிரி முன்பக்கம் குறுக்கி வைத்துக்கொண்டு நீலச் சரிவில், அதாவது சுலபமான சரிவில், இறங்கிவிடுவான். மகளுக்கு இப்போது 6, ஆரம்பத்திலிருந்துதான் கற்க வேண்டும். கணவர் சுமாராகச் சறுக்குவார். நான் ஒரே ஒரு முறை முயற்சி செய்தேன், உட்கார்ந்த இடத்திலிருந்து எழ அரை மணி நேரம் ஆனது. அத்தோடு சரி.

கார் இருக்கிறது. சமையலறை உள்ள வீடாக இருந்தால் நல்லது. தேடிப் பார்த்ததில் ஆஸ்திரியாவில் செர்ஃபவுஸ், இத்தாலியில் சைசர் ஆல்ம், சுவிஸில் பிரவுன்வால்ட், பெட்மெரால்ப் என்று நான்கு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். ஆபீஸில் ஒருவர், செர்மாட் போ, அங்கே காரே கிடையாது, அமைதியாக இருக்கும் என்கிறார். நிஜமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


இன்_ஆற்றங்கரை:

வணக்கம் சகோதரி. இன்ஸ்ப்ரூக்கில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், குளிர்காலத்தில் சனி ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு மலையில்தான் இருப்பேன்.

முதலில் செர்மாட். அங்கே பெட்ரோல் கார் கிடையாது என்பது உண்மை. ஆனால் மாட்டர்ஹார்னைப் பார்க்க உலகமே வருகிற ஊர், பிரதான வீதியில் பாண்டி பஜார் மாதிரி தோள் இடிக்கும். கார் இல்லாத ஊர் வேறு, சத்தமில்லாத ஊர் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரு ஊர் அமைதியாக இருக்குமா என்று தெரிந்துகொள்ள நான் அதன் விளம்பரத்தை எல்லாம் படிப்பதில்லை, வரைபடத்தைத்தான் பார்ப்பேன். நெடுஞ்சாலை இறக்கத்திலிருந்து இருபது நிமிடத்தில் லிஃப்ட் அடிவாரம் வந்துவிடுகிறதா? அப்படியானால் சனிக்கிழமை காலை மியூனிக்கில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். சாலை அந்த ஊரோடு முடிந்துவிடுகிறதா, இல்லை கணவாய் தாண்டிப் போகிற வண்டியெல்லாம் ஊர் நடுவே போகிறதா? லிஃப்ட் அடிவாரமும் தங்கும் வீடும் ஒரே இடத்திலா? நீங்கள் போன வருடம் மாட்டிக்கொண்டது இந்தக் கடைசி விஷயத்தில்தான். எந்த ஊராக இருந்தாலும் அடிவார பாரிலிருந்து ஐந்நூறு மீட்டர் தள்ளி வீடு எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இஷ்கிள், ஆர்ல்பெர்க் பக்கத்து சாங்ட் ஆன்டன் மாதிரி கொண்டாட்டத்துக்கென்றே பெயர் வாங்கிய ஊர்களில் மட்டும் ஐந்நூறு மீட்டர் போதாது.

அடுத்தது, கிலோமீட்டர் கணக்கில் மயங்காதீர்கள். இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில் ஒரே லிஃப்ட் பாஸில் 1,200 கிலோமீட்டர் சறுக்கலாம். உங்கள் மகள் அந்த வாரம் முழுக்க ஒரே 200 மீட்டர் மேட்டில், நகரும் பட்டையில் ஏறி ஏறித்தான் இறங்கப் போகிறாள். பையனுக்கு நான்கைந்து நீலச் சரிவு போதும். பெரிய இடத்துக்குப் பெரிய கூட்டம் வரும், பாஸ் விலையும் அதற்கு ஏற்றபடி இருக்கும், உங்கள் குடும்பத்தில் அதைப் பயன்படுத்தப் போவது உங்கள் கணவர் ஒருவர்தான். பல இடங்களில் பயிற்சி மேட்டுக்கு மட்டும் தனிச் சீட்டு உண்டு, மகளுக்கு முதல் மூன்று நாள் அது போதும், கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் முழு பாஸைத்தான் தலையில் கட்டுவார்கள்.

செர்ஃபவுஸ்: குழந்தைகளுக்கு இதைவிட நல்ல இடம் ஆஸ்திரியாவில் இருக்கிறதா என்பது சந்தேகமே. இன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே 1,400 மீட்டர் உயரத்தில் வெயில் படும் மேடு. 1985-லிருந்து ஊருக்கு அடியில் குட்டி சுரங்க ரயில் ஓடுகிறது, சக்கரம் கிடையாது, காற்று மெத்தை மேல் மிதந்தபடி கம்பிவடம் இழுக்க ஓடுகிறது. நான்கு நிலையம், டிக்கெட் கிடையாது. உங்கள் பையன் அதிலேயே பத்து முறை போய் வருவான். ஆனால் உங்கள் ஃபாஷிங் வாரத்தில் அங்கே அமைதி என்ற பேச்சுக்கே இடமில்லை. குடித்துவிட்டுக் கத்துகிற சத்தம் இருக்காது, குழந்தைகள் சத்தம் இருக்கும். வாடகையும் அந்த வாரம் உச்சத்தில் இருக்கும். அதே லிஃப்ட் வட்டாரத்தில் லாடிஸ் என்று சின்ன ஊர் இருக்கிறது, பழைய வீடுகள், ஒரு குளம், பாறை மேல் ஒரு கோட்டை. செர்ஃபவுஸ் பக்கம் போவதாக இருந்தால் நான் லாடிஸில்தான் தங்குவேன்.

சைசர் ஆல்ம்: உங்கள் மாமாவுக்கும் அத்தைக்கும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். 56 சதுர கிலோமீட்டர் மேட்டுப் புல்வெளி, இந்த வகையில் ஐரோப்பாவிலேயே பெரியது. குளிர்காலத்தில் மொத்தமும் வெள்ளைப் போர்வை, பின்னால் லாங்கோஃபெல், ஷ்லெர்ன் பாறைகள். காலை 9 முதல் மாலை 5 வரை மேலே போகிற சாலையில் தனியார் காருக்கு அனுமதி இல்லை, சைஸ் ஊரிலிருந்து கேபிள் காரில் போக வேண்டும். மேலே நடப்பதற்கென்று பனியை அழுத்திச் சமன் செய்த பாதைகள், ஏற்ற இறக்கம் அதிகமில்லாதவை. அத்தைக்கு முட்டி வலித்தால் குதிரை இழுக்கும் சறுக்குவண்டி உண்டு. நீலச் சரிவு ஏராளம். மேலேயே தங்கினால் விலை கண்ணைக் கட்டும். கீழே காஸ்டெல்ரூத், சைஸ், ஃபுல்ஸ் ஊர்களில் பண்ணை வீடுகள் வாடகைக்கு விடுகிறார்கள், சமையலறையோடு. அந்தப் பகுதிக்குப் பெயர் தென் டிரோல், அதன் விவசாயிகள் சங்கத்தின் சிவப்புச் சேவல் அடையாளம் போட்ட வீடாகப் பாருங்கள், நான் மூன்று முறை தங்கியிருக்கிறேன், பால் மட்டும் கேட்டால் வெண்ணெயும் சேர்த்துத் தருவார்கள்.

குறை ஒன்று இருக்கிறது, இத்தாலிக்குப் போகிற பிரென்னர் கணவாய் வழி. ஆஸ்திரிய விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டண ஸ்டிக்கர்) ஒட்டியிருந்தாலும் பிரென்னர் நெடுஞ்சாலைக்குத் தனிக் கட்டணம். அதோடு அந்தச் சாலையில் உள்ள லூக் பாலத்தில் வேலை நடப்பதால் 2025-லிருந்து பல நாட்கள் பக்கத்துக்கு ஒரே தடம்தான். நெரிசலைப் பார்த்துவிட்டு ஜிபிஎஸ் சொல்கிறதே என்று கிராமத்துச் சாலைக்குள் இறங்காதீர்கள், விடுமுறைக் கால வார இறுதிகளில் டிரோல் அரசு அதைத் தடை செய்து போலீஸை நிறுத்துகிறது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமைதான் எல்லா வீட்டிலும் ஆள் மாறும் நாள். ஞாயிறு முதல் ஞாயிறு வரை வீடு கிடைத்தால் பணம் கொஞ்சம் கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். நடுவழி எல்லாம் கிடையாது.

இத்தாலியில் சரிவில் இறங்குகிற எல்லோருக்கும் 2022-லிருந்து மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஜெர்மனியில் குடும்ப ஹாஃப்ட்ஃப்ளிக்ட் (பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு) இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும், அதன் சான்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாஸ் வாங்குகிற இடத்திலேயே தினக் கணக்கில் விற்கிறார்கள்.


கரிசல்_வெயில்:

எல்லோரும் சறுக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள், மாமாவும் அத்தையும் விழப் போவது சரிவில் அல்ல, கார் நிறுத்துமிடத்தில். பகலில் உருகி ராத்திரி உறைந்த தரை கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது. செருப்புக்கடை பூட்ஸ் எல்லாம் அதில் நிற்காது. ரப்பர் பட்டையில் சின்னச் சின்ன ஆணி வைத்து, ஷூவுக்கு அடியில் மாட்டுகிற மாதிரி விற்கிறார்கள், விலை அதிகமில்லை, ஆளுக்கு ஒரு ஜோடி. கூடவே நடைக்குச்சி. என் அப்பா இரண்டாவது நாள் காலை பால் பாக்கெட் வாங்கப் போய் மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தார், மீதி விடுமுறை ஆஸ்பத்திரியில் போனது.

மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தால் நல்ல கறுப்புக் கண்ணாடி முக்கியம். புதுப் பனி வெயிலில் வரும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும்.


லிந்தால்_பக்கத்து_ஆள்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப 24 வருடமாக கிளாருஸ் மாநிலத்தில் இருக்கிறேன். பிரவுன்வால்ட் எங்களுக்குப் பக்கத்து மலை, அதனால் கொஞ்சம் பக்கச்சார்பாகத்தான் எழுதுவேன், மன்னியுங்கள்.

பிரவுன்வால்டுக்கு வாகனப் பாதையே இல்லை. அடிவாரத்தில் இருக்கிற லிந்தாலில் காரை விட்டுவிட்டு, பழனியில் இருக்கிற விஞ்ச் மாதிரி ஒன்றில் ஏறவேண்டும். 1907-இல் தொடங்கினது. சுமார் 600 மீட்டர் உயரம் ஏறி, 1,256 மீட்டரில் கொண்டுபோய் விடும், பத்து நிமிடத்துக்குள் காரியம் முடிந்துவிடும். சாமான் ஏற்றவும் வசதி இருக்கிறது. மேலே மின்சார வண்டிகள் பெட்டிகளை வீட்டு வாசல் வரை கொண்டுபோய்த் தரும், வீட்டுக்காரரிடம் முதலே சொல்லி ஒழுங்கு செய்யவேண்டும். ரெயினில் வந்தால் சூரிச்சிலிருந்து எஸ் 25 நேராக விஞ்ச் வாசலுக்கே வரும், ஒன்றரை மணித்தியாலம்.

சத்தம் என்று கேட்டால், போன மாசியில் மச்சாளின் குடும்பம் லண்டனில் இருந்து வந்து அங்கே நின்றவர்கள். முதல் இரவு அவவுக்கு நித்திரையே வரவில்லையாம். ஏன் என்று கேட்டால், ஒரு சத்தமும் இல்லை, அது பயமாக இருக்குது என்றா. கூரையில் இருந்து பனி சரிந்து விழுகிற சத்தம் ஒன்றுதான். கடைசி விஞ்ச் போன பிறகு வெளியாட்கள் யாரும் வரமுடியாது, ஊர்ச் சனமும் தங்கியிருக்கிற ஆக்களும் மட்டும்தான்.

பிள்ளைகளுக்குப் பழகிற மேடு ஊரோடு ஒட்டியே இருக்கிறது. மொத்தச் சரிவு முப்பது கிலோமீட்டர் சொச்சம், மேலே 1,900 மீட்டர் வரை போகலாம். நல்லாய்ச் சறுக்கிற ஆளுக்கு மூன்றாம் நாள் அலுத்துப்போகும், அதை மறைக்க விரும்பவில்லை. நடக்கிறதுக்கு வடிவான பாதைகள், வெயில் விழுகிற பக்கம், எதிரே தோடி மலை 3,600 மீட்டர். உங்கள் மாமா பல்கணியில் தேத்தண்ணியோடு இருந்து அதைப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்கலாம்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும், எங்கட பக்கம் ஃபோன் காற்று பொல்லாதது. தெற்கே இருந்து மலை தாண்டி இறங்கிற சூட்டுக் காற்று. 1861-இல் கிளாருஸ் நகரம் பெரும்பகுதி எரிந்து போனதுக்கு அந்தக் காற்றும் ஒரு காரணம், இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அது அடிக்கிற நாளில் லிஃப்ட் நிற்கும், ஊர்ப் பனி கஞ்சி மாதிரி ஆகிவிடும். ஒரு வாரத்தில் ஒரு நாள் அப்படிப் போகலாம் என்று மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

பெட்மெரால்ப் இதைவிட உயரம், 1,950 மீட்டர், பனிக்குப் பயமில்லை. அங்கேயும் கார் இல்லை, கேபிள் கார்தான். வீதியே பனி, பிள்ளைகள் ஸ்கீயோடு கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருவார்கள். மேலே ஏறினால் ஆலெட்ச் பனியாறு, ஆல்ப்ஸிலேயே நீளமானது, 20 கிலோமீட்டருக்கு மேல். பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் மியூனிக்கில் இருந்து கனதூரம், வயதான ஆக்களோடும் சின்னப் பிள்ளையோடும் ஒரே நாளில் காரில் இருக்கிறது கஷ்டம். பிரஷர் மாத்திரை எடுக்கிறவர் அந்த உயரத்தில் முதல் நாள் ஆறுதலாக இருக்கவேண்டும், வர முதல் டொக்டரையும் ஒருக்கால் கேளுங்கள்.

பிரவுன்வால்ட் என்றால் பிரெகென்ஸ் வழியாக நாலு மணித்தியாலத்துக்குள் லிந்தால் வந்துவிடலாம். ஹோஹெனெம்ஸ் வரைக்கும் அந்தத் துண்டு நெடுஞ்சாலைக்கு ஆஸ்திரிய விக்னெட் தேவையில்லை, 2019 முடிவில் எடுத்துவிட்டார்கள். சுவிஸ் விக்னெட் 40 பிராங், வருடம் முழுக்கச் செல்லும்.

காப்புறுதி பற்றியும் ஒரு சொல். இங்கே மலையில் விபத்து என்றால் சிவப்பு வெள்ளை ஹெலிகொப்ரர் வரும், ரேகா என்று பெயர், பெண்பிள்ளையின் பெயர் இல்லை, மீட்புச் சேவை. இலக்கம் 1414. வருடத்துக்கு ஆளுக்கு 40 பிராங், குடும்பத்துக்கு 80 கட்டி ஆதரவாளராக இருந்தால், காப்புறுதி குடுக்காத செலவை அவர்கள் பொதுவாகக் கேட்கமாட்டார்கள். நாங்கள் எல்லாரும் கட்டுகிறோம்.


இன்_ஆற்றங்கரை:

ஹெலிகாப்டர் விஷயத்தை நான் விட்டுவிட்டேன், நல்லவேளை சொன்னீர்கள். ஆஸ்திரியாவிலும் விளையாட்டில் அடிபட்டு ஹெலிகாப்டர் வந்தால் பில் உங்கள் கைக்கு வரும், ஜெர்மன் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை அதற்கு உதவாது. மியூனிக்கில் இருப்பவர்கள் ஆல்பைன் சங்கம் என்கிற மலையேறுவோர் சங்கத்தில் குடும்பமாகச் சேர்ந்துவிடுங்கள், உறுப்பினர் காப்பீட்டில் மீட்புச் செலவு 25,000 யூரோ வரை அடங்கும். மாமா, அத்தைக்கு ஷெங்கன் விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ பாலிசியில் பனி விளையாட்டுக்கு விலக்கு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் சறுக்கப் போவதில்லை, சரி, ஆனால் குழந்தைகள் கூப்பிட்டால் சறுக்குவண்டியில் உட்காராத தாத்தா உண்டா? விசா ஜெர்மனி கொடுத்தது என்றாலும் ஆஸ்திரியா, இத்தாலி, சுவிஸ் மூன்றுக்கும் செல்லும். பாஸ்போர்ட்டை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.


குக்கர்_சத்தம்:

ஸ்டுட்கார்ட்டிலிருந்து இரண்டு குழந்தைகளின் அம்மா. சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

முட்டை சாப்பிடாதவருக்கு மலைக் குடிசைச் சாப்பாடு ஒரு பொறி. சைவம் என்று எழுதியிருக்கும், உள்ளே முட்டை இருக்கும். ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸ் மாவில் முட்டை, க்னோடல் உருண்டையில் முட்டை, கைசர்ஷ்மாரன் என்கிற இனிப்பு அடை முழுக்கவே முட்டை. தென் டிரோலில் கீரை வைத்த கொழுக்கட்டை மாதிரியான ஷ்லுட்ஸ்கிராப்ஃபன் அருமையாக இருக்கும், அந்த மாவிலும் பெரும்பாலும் முட்டை. சுவிஸில் ரோஸ்டி என்று உருளைக்கிழங்கைச் சீவி வறுத்துத் தருவார்கள், அதில் முட்டை இல்லை, மேலே முட்டையோ பன்றிக்கறியோ வைக்காமல் தரச் சொல்ல வேண்டும். இத்தாலியில் பிழைத்துக்கொள்ளலாம், பீட்சா இருக்கிறது, பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தாவில் வழக்கமாக முட்டை கிடையாது, உடனே பிசைந்து செய்கிற பாஸ்தாவில்தான் உண்டு. சீஸில் பாலைத் திரிக்க ரெனட் என்று ஒரு சமாச்சாரம் சேர்ப்பார்கள், பல சீஸ்களில் அது கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கும், அதை அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விஷயம்.

ஆகவே குக்கர் கொண்டுபோங்கள். ஆசைக்காகச் சொல்லவில்லை, பெட்மெரால்ப் உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு வேகவே வேகாது. ஆனால் கிளம்புவதற்கு முன் வீட்டுக்காரரிடம் அடுப்பு என்ன வகை என்று கேளுங்கள். இண்டக்ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர் வெறும் எடைதான். நாங்கள் அப்படித்தான் ஒரு வாரம் ரொட்டியும் ஜாமும் தின்றோம். இட்லி மாவு வீட்டிலேயே அரைத்து டப்பாவில் எடுத்துப் போகலாம், அந்தக் குளிரில் காரிலேயே கெடாமல் வரும், புளிக்க வைக்க ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி வைத்துவிடுங்கள். தாளிக்கும்போது புகை எச்சரிக்கை மணி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று. எல்லோரும் சறுக்கத்தான் வேண்டுமா? உங்கள் வீட்டில் ஆறு பேரில் சறுக்கப் போவது மூன்று பேர். எங்களுக்கு மனதில் நின்றது சுவிஸில் பெர்க்யூன் என்ற ஊர். ரேஷியன் என்கிற மலை ரயிலில் பிரேடா வரை ஏறிப் போக வேண்டும், அங்கிருந்து குளிர்காலத்தில் மூடிவிடுகிற அல்புலா கணவாய்ச் சாலையிலேயே ஆறு கிலோமீட்டர் சறுக்குவண்டியில் உட்கார்ந்து இறங்கி வர வேண்டும், மறுபடி ரயில், மறுபடி இறக்கம். ராத்திரியில் விளக்கும் போடுகிறார்கள். சறுக்கத் தெரியாத நானும் குழந்தைகளோடு சரிசமமாக விளையாடிய ஒரே நாள் அதுதான். தாத்தா பாட்டிக்கு அந்த ரயிலே ஒரு திருவிழா. சுற்றிச் சுற்றி ஏறுகிற அந்தப் பாதை 2008-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஊருக்குள்ளே குழந்தைகளுக்கு ஸ்கீ மேடும் உண்டு. 2017-இல் இந்த ஊர் பஞ்சாயத்து கூடி, போட்டோ எடுக்கத் தடை, மீறினால் ஐந்து பிராங் அபராதம் என்று தீர்மானம் போட்டார்கள், எங்கள் ஊர் அழகைப் பார்த்து மற்றவர்கள் ஏங்கக் கூடாதாம். விளம்பரத்துக்குத்தான், ஆனால் என்ன ஒரு கொழுப்பு!

பையனுக்கும் மகளுக்கும் சுவிஸ் ரயில் என்றால் ஜூனியர் கார்டு வாங்குங்கள், வருடத்துக்கு 30 பிராங், பெற்றோர் டிக்கெட்டோடு வந்தால் 6 முதல் 16 வயது வரை குழந்தைக்கு இலவசம்.


லியோன்_சந்து:

பிரான்ஸ் பக்கம் யோசித்தால் ஒரே வரி: அந்த வாரம் வேண்டாம். இங்கே பிப்ரவரி விடுமுறையை மூன்று மண்டலமாகப் பிரித்து நான்கு வாரத்துக்கு இழுக்கிறார்கள், பாரிஸ் மண்டலத்து வாரத்தில் மலைக்குப் போகிற சாலை பொங்கலுக்கு முந்தைய நாள் பெருங்களத்தூர் மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்து அமைதியான இடம் போன்வால்-சூர்-ஆர்க், 1,800 மீட்டர், குளிர்காலத்தில் இசெரான் கணவாய் மூடிவிடுவதால் சாலை அங்கேயே முடிகிறது, கல் வீடுகள், அவ்வளவுதான். மியூனிக்கிலிருந்து நீங்கள் வந்து சேருவதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.


திருநகர்_மல்லிகை:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி வீட்டில் கூடிப் பேசினோம். வரைபடம் பார்க்கச் சொன்னது பெரிய உதவி. போன வருடம் போன ஊரைப் பார்த்தேன், நெடுஞ்சாலையிலிருந்து பதினெட்டு நிமிடம், தலையில் அடித்துக்கொண்டேன்.

கணவருக்கு சைசர் ஆல்ம் பிடித்துவிட்டது. காஸ்டெல்ரூத்தில் சேவல் போட்ட இரண்டு பண்ணைகளுக்கு எழுதினோம், இரண்டும் அந்த வாரம் நிறைந்துவிட்டது, மூன்றாவது ஒன்று இருந்தது, ஆனால் சனி முதல் சனி வரைதான், பிரென்னர் பாலத்தை நினைத்ததும் அவரே வேண்டாம் என்றுவிட்டார். பெர்க்யூனை அடுத்த வருடத்துக்கு எழுதி வைத்துக்கொண்டேன்.

மதுரைக்கு வீடியோ கால் போட்டு பிரவுன்வால்ட் படங்களைக் காட்டினோம். மாமா அந்த விஞ்சைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இது நம்ம பழனி விஞ்ச் மாதிரியே இருக்கேம்மா, மேலே என்ன கோயில் என்று கேட்டார். கோயில் இல்லை மாமா, பனிதான் என்றேன். பரவாயில்லை, ஏறிப் பார்ப்போம் என்றார். அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான், அங்கே நடுராத்திரி பாத்ரூம் போனால் குளிருமா என்று.

ஆக பிரவுன்வால்டில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று ஞாயிறு முதல் ஞாயிறு வரை கிடைத்திருக்கிறது. மேல் நிலையத்திலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடமாம், வீட்டுக்கார அம்மாவே வண்டி ஏற்பாடு செய்துவிடுவதாக எழுதியிருக்கிறார். முப்பது கிலோமீட்டர்தானா என்று கணவர் முனகுகிறார். மூன்றாம் நாள் அலுத்துப்போனால் மகளைப் பயிற்சி மேட்டில் அவரே பார்த்துக்கொள்ளட்டும், நான் பல்கணியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

லிந்தால் அண்ணா, இரண்டு கேள்வி. ஞாயிறு மதியம் வந்தால் விஞ்சில் கூட்டம் இருக்குமா? குழந்தைகளுக்கு ஸ்கீ வாடகைக்கு இங்கேயே எடுத்து வரவா, மேலே கிடைக்குமா?


லிந்தால்_பக்கத்து_ஆள்:

நல்ல முடிவு தங்கச்சி. ஞாயிறு பின்னேரம் சனம் எல்லாம் கீழே இறங்கிற நேரம், நீங்கள் எதிர்ப்பக்கம் போகிறீர்கள், இடம் தாராளமாகக் கிடைக்கும். திரும்பி வருகிற ஞாயிறு மட்டும் மத்தியானத்துக்கு முன்னம் இறங்கிவிடுங்கள், மூன்று மணிக்குப் பிறகு ஸ்கீயும் சறுக்குவண்டியும் தூக்கிக்கொண்டு நீண்ட வரிசை நிற்கும்.

ஸ்கீ மேலே கடையில் எடுக்கலாம், காரில் இருந்து விஞ்சுக்குத் தூக்கிற வேலை மிச்சம். அந்த விடுமுறை வாரத்தில் சின்னப் பிள்ளைகளின் சப்பாத்து அளவு முடிந்துபோகும், இப்பவே இணையத்தில் சொல்லி வையுங்கள். ஸ்கீ ஸ்கூலுக்கும் அப்படித்தான், வீடு பதிகிற அன்றே அதையும் பதியவேண்டும். அரை நாள் வகுப்பு எடுங்கள், ஆறு வயதுக்கு முழு நாள் கூடிப்போய்விடும். வாரக் கடைசியில் சின்னதாகப் போட்டி வைத்துப் பதக்கம் குடுப்பார்கள், தாத்தாவை அன்றைக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.


குக்கர்_சத்தம்:

அடுப்பு என்ன வகை என்று கேட்டீர்களா?


திருநகர்_மல்லிகை:

கேட்டேன். பழைய மாடல் இரும்புத் தட்டு அடுப்பாம். அலுமினியக் குக்கரை எடுத்து வைத்தாயிற்று, கேஸ்கெட்தான் புதுசு வாங்க வேண்டும், மாமாவை வரும்போது மதுரையிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.